கவர் போட்டும் ஜிபே-யில் செலவு கைமீறினால்?

சம்பளத்தைச் செலவுவாரியாகக் கவர்களில் பிரித்து வைத்தும் 20-ம் தேதிக்குள் பணம் தீர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம், மாதத்துக்கு ஒரே கவர் போடுவதுதான். காய்கறி, பால், பெட்ரோலுக்கு வாரக் கவர் போடுங்கள். காய்கறிக்கு மாதம் 3,000 ரூபாய் என்றால் வாரம் 700. மிச்சம் 200 மாதக் கடைசி உதிரி நாட்களுக்கு. எல்லாமே 500 ரூபாய் நோட்டாக வேண்டாம். சில்லறை இல்லையென்று கடைக்காரர் கையை விரித்ததும் போன்தான் வெளியே வரும். 50, 100 தாள்களாக மாற்றி வையுங்கள்.

போனில்தான் செலவு என்றால், சம்பளக் கணக்கை யுபிஐ செயலியிலிருந்து நீக்கிவிடுங்கள். குறைந்தபட்ச இருப்பு கேட்காத இன்னொரு கணக்கை மட்டும் இணைத்து, திங்கள்தோறும் அந்த வாரப் பணத்தை அதில் போடுங்கள். டீ, பஸ் செலவுக்கு யுபிஐ லைட் (முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்து, பின் நம்பர் இல்லாமல் சிறு தொகை கட்டும் வசதி) நல்லது: இருப்பு 5,000 வரை, ஒரு தடவைக்கு 1,000 வரை. ஆட்டோ டாப்-அப்பை மட்டும் முதலிலேயே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் காலியாகக் காலியாகத் தானே நிரம்பிக்கொண்டிருக்கும்.