ஒளித்து வைத்துத் தின்கிறேனாம்!

கேள்வி: எனக்கு 58 வயது, மேலூர் பக்கம் கிராமம். ஆறு வருஷமாக முப்பது-எழுபது என்கிற கலவை இன்சுலின் போடுகிறேன், காலையில் 18 யூனிட், ராத்திரி 12. வெறும் வயிற்றில் 130, 140 என்று இருந்த சுகர் சித்திரை பிறந்ததிலிருந்து 260, 290 காட்டுகிறது. சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை, டீக்குக்கூடச் சீனி கிடையாது. மருமகள் என்னடாவென்றால், அத்தை எதையோ ஒளித்து வைத்துத் தின்கிறார்கள் என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள். மனசே விட்டுப்போச்சு. ஊசியை நானே ரெண்டு ரெண்டாகக் கூட்டிக்கொள்ளலாமா?

பதில்: அம்மா, நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். மருமகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஆனால் நீங்களாகக் கூட்டவேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சுகர் ஏறியதும் வீட்டில் எல்லோரும் தட்டைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் நான் முதலில் கேட்பது, கடைசியாக வாங்கிய ஊசியின் மூடி என்ன நிறம்? நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. சிவப்பு தீர்ந்துபோன அன்றைக்கு, எல்லாம் ஒண்ணுதான் என்று கடையில் ஆரஞ்சை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் 18 கோடு வரைக்கும் இழுத்தால் உடம்புக்குள் போவது ஏழு யூனிட்டும் கொஞ்சமும், அவ்வளவுதான். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு நான் இரண்டு மாதம் மாத்திரைக்கு மேல் மாத்திரையாக எழுதிக்கொண்டே இருந்தேன், ஒருநாள் அவர் மஞ்சள் பையைக் கவிழ்த்ததும் ஆரஞ்சு மூடி என் மேஜையில் உருண்டது. முதல் நாளே கேட்காதது என் தப்பு. பாட்டிலில் 40 என்றோ 100 என்றோ அச்சடித்திருக்கும், ஊசியோடு ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது வெயில். சித்திரை என்று நீங்களே துப்புக் கொடுத்திருக்கிறீர்கள். திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். திறந்ததை வெளியே வைக்கலாம், ஆனால் சுமார் 30 டிகிரிக்குள், அதுவும் நான்கு வாரம்வரைதான். மதுரையில் சித்திரை வெயில் 40-ஐத் தொடும்போது தகரக் கூரை வீட்டு அலமாரியும் பைக் பெட்டியும் அடுப்புதான். பயந்துபோய் ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து அதுவும் கெடும். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் மண்பானை போதும், தண்ணீர் படாதபடி மூடிய டப்பாவில் போட்டு இறக்குங்கள். உங்கள் மருந்தைப் போடுமுன் உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டினால் பால் மாதிரி ஒரே சீராக வரவேண்டும். திட்டுத் திட்டாகக் கண்ணாடியில் ஒட்டினால் தூக்கிப் போடுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தும் வீரியம் போயிருக்கலாம், அதனால் சந்தேகம் வந்தால் புதுப் பாட்டில்.

ஆறு வருஷமாக எங்கே குத்துகிறீர்கள்? தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடமா? தடவிப் பாருங்கள், ரப்பர் மாதிரி மேடு தட்டுப்படும். அங்கே வலி அதிகம் தெரியாது, அதனாலேயே கை தானாக அங்கே போகும். அந்த மேட்டுக்குள் போன மருந்து ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் சும்மா கிடக்கும். தினமும் ஒரு விரல்கடை தள்ளித் தள்ளிக் குத்தவேண்டும்.

மாம்பழ சீசன் வேறு. எனக்கும் சுகர் உண்டு, ஒருமுறை பழம் நறுக்கிய கையோடு குத்திப் பார்த்து மிஷின் 340 காட்டப் பதறிப்போனேன். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 128! துணியில் துடைத்தது போதாது என்று அன்றைக்குத்தான் புத்தி வந்தது. மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும், நீர்க்கடுப்பு, பல்வீக்கம், கால் புண் என்று எது இருந்தாலும் சுகர் ஏறும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது கூட்டுகிற கதை. கெட்டுப்போன மருந்துக்கு ஈடாக 18-ஐ 26 ஆக்கியிருப்பீர்கள், அப்புறம் புதுப் பாட்டில் வரும், அல்லது மேடு இல்லாத இடத்தில் குத்துவீர்கள், அதே 26 முழு வேகத்தில் வேலை செய்து சுகர் தடாலென்று இறங்கும். வீடே தூங்குகிற நேரத்தில் அது வந்தால் ஆபத்து. ஊசியோ இடமோ மாறும்போது அளவை டாக்டர்தான் சொல்லவேண்டும். 300-ஐத் தாண்டி வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் எது சேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மாத்திரை மட்டும் போடுகிறேன். படுக்கும்போது 135, எழுந்ததும் 170. தூக்கத்தில் யார் சீனி ஊட்டினார்கள்? (திருமங்கலம் வாசகர்)

பதில்: உங்கள் கல்லீரல்தான். விடியற்காலையில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடும், கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் விடும். எல்லோருக்கும் நடப்பதுதான், நமக்கு அதை அடக்குகிற அளவுக்கு இன்சுலின் எடுபடுவதில்லை. இதற்காக ராத்திரிப் பட்டினி கிடக்கவேண்டாம். இரண்டு மூன்று நாள் அலாரம் வைத்து, படுக்கும்போது ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, எழுந்ததும் ஒன்று என்று பார்த்து நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள். மாத்திரையை மாற்றுவதா நேரத்தை மாற்றுவதா என்று அதை வைத்துத்தான் உங்கள் டாக்டர் சொல்ல முடியும்.