குடும்பப் போட்டோக்களைப் பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்தால் எத்தனை வருடம் தாங்கும்?

யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அட்டையில் இருக்கும் 5 வருட வாரண்டி டிரைவுக்குத்தான். கெட்டால் புதுசு தருவார்கள், போட்டோ திரும்பி வராது.

பென் டிரைவின் ஃபிளாஷ் சிப், ஒவ்வொரு செல்லிலும் எலக்ட்ரான்களை அடைத்து வைத்துத் தகவலைக் காக்கிறது. சும்மா கிடக்கும்போது அவை மெல்லக் கசியும். சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். பலமுறை எழுதி அழித்த சிப் என்றால் செல்லின் காப்புப் படலம் தேய்ந்திருக்கும், அதனால் கசிவு கூடும். ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் இப்போதைய டிஎல்சி சிப்பில் ஒரே செல்லுக்குள் 8 சார்ஜ் அளவுகளையும், நான்கு பிட் வைக்கும் கியூஎல்சியில் 16 அளவுகளையும் பிரித்தறிய வேண்டும். கொஞ்சம் கசிந்தாலே கணக்கு மாறிவிடும். மலிவான டிரைவில் எந்தச் சிப் இருக்கிறது என்பது வெளியே தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை செருகிப் பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி மாதிரி அதில் சார்ஜ் ஏறாது. பைல்களைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து, திறந்து சரிபார்த்து, டிரைவை பார்மேட் செய்து மறுபடி எழுதினால்தான் செல்கள் புதிதாக நிரம்பும்.

வாங்கியதும் முதல் வேலை, கொள்ளளவைச் சோதிப்பது. அடிமாட்டு விலைக்கு வரும் 2 டிபி டிரைவுகள் பெரும்பாலும் போலி. உள்ளே சில ஜிபிதான் இருக்கும். நிரம்பிய பிறகும் எழுதுவதாகக் காட்டும், பழைய பைல் மேலேயே எழுதிக்கொண்டும் போகும். இதைச் சோதிக்கும் மென்பொருள், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் இலவசம். காலி டிரைவை முழுக்க எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். மணிக்கணக்கில் ஆகும். பாதியில் நிறுத்தாதீர்கள்.

நீண்ட காலத்துக்கு வைக்க எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கே மேல் என்பது என் கருத்து. கசிவுப் பிரச்சினை அதில் இல்லை. எதிரி அதிர்ச்சிதான். ஓடும்போது மேசையிலிருந்து விழுந்தால், தகவலைப் படிக்கும் ஹெட் உள்ளே சுழலும் தட்டில் உரசும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில், கெட்டுப்போன அல்லது படிக்கத் தடுமாறும் பகுதிகளை எண்ணும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் மூல மதிப்பைப் பாருங்கள். சி5 பூஜ்ஜியத்தைத் தாண்டினால், முதலில் முக்கியமான பைல்களை வெளியே எடுங்கள். அதற்கு முன் விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டக் கூடாது. தேயும் டிஸ்க்கை அது இன்னும் உழைக்க வைக்கும்.

எதை வாங்கினாலும் பிரதி இரண்டு வேண்டும். இரண்டையும் வேறு வேறு கம்பெனியில் வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.