பத்தாயத்தை வெட்டலாமா, அண்ணாச்சி?

வீட்டுச் சாமான், மரம், பாலிஷ் பற்றி வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், நாகர்கோவிலில் 40 வருடம் பாலிஷ் பட்டறை நடத்திய அண்ணாச்சி.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீடு குளச்சலில். கடலுக்கு நடந்தே போய்விடலாம். போன வருடம் பால்காய்ச்சுக்கு முன்னால் அலமாரிகளுக்கெல்லாம் தங்க நிறக் கைப்பிடி போட்டோம். பத்து மாதத்தில் புள்ளி புள்ளியாகக் கறுத்து, தோல் உரிகிறது. கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றுதான் சொன்னார்கள். இனி என்ன போடுவது?
— ஒரு வாசகி, குளச்சல்

பதில்: ஒரு கைப்பிடியைக் கழற்றி, திருகு ஏறும் துளைக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே மங்கலான சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்டீல் இல்லை. துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி, மேலே தங்க முலாம் காட்டியது. முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், உப்புக் காற்று உள்ளே போய்விடும். அடியில் பொங்கி மேல்தோலைத் தள்ளும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

நிஜமான ஸ்டெயின்லெஸிலும் ரகம் உண்டு. பாத்திரக் கடையிலும் கைப்பிடிக் கடையிலும் அதிகம் புழங்குவது 304. கடல் பக்கத்துக்கு 316 வேண்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்பைத் தாங்க வைப்பது அதுதான். காந்தம் வைத்துப் பார் என்று சிலர் யோசனை சொல்வார்கள். காந்தம் இரண்டிலுமே அநேகமாக ஒட்டாது, அதை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பில்லில் 316 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் பேனாவை எடுக்கத் தயங்கினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி விடுங்கள்.

என் சொந்த விருப்பம் வேறு. கடலோர வீட்டுக்கு நான் கட்டிப் பித்தளை போடுவேன், இல்லாவிட்டால் மரக்குமிழ். பித்தளை மங்கும். மங்கட்டும், பழுப்பு மரத்தில் மங்கிய பித்தளைக்கு இருக்கும் அழகு இந்தத் தங்கப் பளபளப்புக்குக் கிடையாது. கடைசல் பட்டறையில் பூவரசங்கட்டையைக் கொடுத்தால் குமிழ் கடைந்து தருவார்கள். அதைத் துரு என்ன செய்யும்?

கைப்பிடியைப் பார்த்துவிட்டுக் கீலை மறந்து விடாதீர்கள். கீல் உள்ளே இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை, துருப்பிடித்துக் கதவு தொங்கின பிறகுதான் தெரியும். காசு குறைவாக இருந்தால் கைப்பிடியில் மிச்சம் பிடித்துக் கீலில் போடுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் உலர்ந்த துணியும் வேண்டும் என்கிறேன்.

கேள்வி: தம்பி, எனக்கு 67 வயது. அம்மை வழியில் வந்த அயினிமரப் பத்தாயம் ஒன்று வீட்டில் கிடக்கிறது. ஆறடி நீளம். அதில் நெல் போட்டு 30 வருடம் ஆயிற்று. மகன் அதை வெட்டி டி.வி. ஸ்டாண்டு செய்யலாம் என்கிறான். மருமகள் வெட்ட வேண்டாம், கண்ணாடி மாதிரி பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் போட்டு ஹாலில் வைக்கலாம் என்கிறாள். நான் யார் பக்கம் நிற்க?
— ஒரு அம்மா, பூதப்பாண்டி

பதில்: அக்கா, பாதித் தூரம் மருமகள் பக்கம் நில்லுங்கள். ஹாலில் வைப்பது சரி. கண்ணாடிப் பாலிஷ் வேண்டாம்.

மகனுக்கு முதலில் ஒன்று சொல்லுங்கள். ஆறடி நீளத்துக்கு, அந்த அகலத்துக்கு, அவ்வளவு முற்றி உலர்ந்த அயினிப் பலகையை இன்றைக்கு அறுவை மில்லில் போய் விலை கேட்டுவிட்டு வரட்டும். வந்த பிறகு ரம்பத்தைத் தேட மாட்டான். பழைய ஆசாரிமார் பத்தாயத்தைப் பெரும்பாலும் ஆணியை நம்பிச் செய்யவில்லை, பலகையோடு பலகையைக் கொளுவி நிறுத்தியிருப்பார்கள். ஒரு பக்கத்தை அறுத்தால் மற்ற மூன்று பக்கமும் பிடி விட்டுப்போகும். கிடைப்பது டி.வி. ஸ்டாண்டு இல்லை, நாலு பலகை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உளு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தாயத்துக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்து ஒரு வாரம் விடுங்கள். தாளில் மாவு மாதிரி பொடி விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அப்போது பாலிஷ் பேச்சே கூடாது, துளை துளையாக மருந்து ஏற்ற வேண்டும். பொடி விழாமல் துளை மட்டும் இருந்தால் அது பழைய கதை, மெழுகு வைத்து அடைத்தால் போதும்.

அப்புறம் சுத்தம். பெயிண்ட் பிரஷ்ஷால் மூலை இடுக்கில் கிடக்கும் உமியையும் தூசியையும் தட்டி எடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துளி சோப்பு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். நிழலில் மூன்று நாள் காயட்டும். யாராவது வந்து மெஷின் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கித் தருகிறேன் என்றால், காப்பி கொடுத்து அனுப்பி வையுங்கள். அந்தக் கருஞ்சிவப்பு நிறம் வந்து சேரப் பல பத்து வருடம் ஆகியிருக்கும். தேய்த்தால் ஒரு மதியத்தில் போய்விடும். சொரசொரப்பான இடத்தில் மட்டும் 220-ஆம் நம்பர் உப்புத்தாளை ரேகை போன போக்கில் லேசாக ஓட்டினால் போதும்.

பி.யு. நல்ல சரக்குதான், இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் சிந்துகிற சாப்பாட்டு மேசைக்கு அதைத்தான் போடச் சொல்வேன். ஆனால் அது மரத்தின் மேல் விரித்த பிளாஸ்டிக் தோல். கீறல் ஆழமாக விழுந்தால், அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரி செய்வது கஷ்டம். பத்தாயத்துக்கு நான் சொல்வது அரக்குப் பாலிஷ். அதற்கும் குறை உண்டு. சூடான பாத்திரத்தை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். ஆனால் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக ஓட்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும். பத்தாயத்தின் மேல் யார் சட்டியை இறக்கப் போகிறார்கள்? என் கணக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்கு. ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் வடிகட்ட வேண்டும். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து முடிந்து, மெல்லிசாக ஆறு கோட்டு. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் அன்றைக்கு அந்தப் பக்கம் விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது.

மருமகளை ஒருநாள் தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போங்கள். தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் நிற்கிறது. பலாவும் உங்கள் அயினியும் ஒரே குடும்பம். அந்த அரை இருட்டில் பழைய மரம் எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும். அங்கே கண்ணாடி மாதிரி மினுங்குவது தரைதான், மரம் இல்லை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அந்தத் தரையைப் போட்டதாகச் சொல்வார்கள்.

உள்ளே தலையணை, ஜமுக்காளம், விருந்தாளிக்கான மெத்தை எல்லாம் வைக்கலாம். டி.வி.யை அதன் மேல் ஏற்ற வேண்டாம், மூடி மேல்பக்கம் திறப்பதாயிற்றே. நாலு மூலைக்கும் அடியில் கருங்கல் துண்டு கொடுங்கள். வீடு கழுவும் தண்ணீர் மரத்தின் கால் நுனியில்தான் முதலில் ஏறும்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை. எந்த நிற சோபா எடுக்கலாம்?
— ஒரு வாசகர், இரணியல்

பதில்: தரையை உடைத்து டைல்ஸ் போடாமல் இருந்ததற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. சிவப்பு, மெரூன், காப்பி நிறம் எதுவும் வேண்டாம், தரையோடு கலந்து அறையே ஒரு கட்டியாகத் தெரியும். சாம்பல் நிறமும் சிவப்புத் தரையில் அழுது வடியும். பழுத்த வாழையிலையின் மஞ்சள், கரும்பச்சை, கோரா வெள்ளை, இந்த மூன்றில் ஒன்று எடுங்கள். வெள்ளை எடுத்தால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய லெதர் சோபா, பாம்பு சட்டை உரிப்பது மாதிரி உரிகிறது. எண்ணெய் தடவினால் நிற்குமா?
— ஒரு வாசகி, தேங்காய்ப்பட்டினம்

பதில்: நிற்காது மக்ளே. அது தோல் இல்லை, துணி மேல் பாலியூரித்தேன் பூசியது. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சையே மெல்ல உடைக்கும், நம் ஊரிலோ ஈரத்துக்குப் பஞ்சமே கிடையாது. சட்டம் உறுதியாக இருந்தால் சோபாவைத் தள்ள வேண்டாம், துணிக்கு மாற்றுங்கள். கழற்றித் துவைக்கிற மாதிரி ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குலசேகரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. பழைய மரங்களை வெட்டப் போகிறோம். கடையில் ரப்பர்மரக் கட்டில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். எங்கள் மரத்திலேயே ஆசாரியை வைத்துக் கட்டில் செய்துவிட்டால் என்ன?
— ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: இந்த ஆசையில் நானே ஒருதடவை விழுந்தேன். என் அக்கா வீட்டுத் தோட்டத்து மரம். வெட்டி, அறுத்து, வெயிலில் காயவைத்து, கட்டில் செய்து, நானே பாலிஷும் போட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் மாதம் கட்டிலுக்கு அடியில் கோதுமை மாவு சிந்தின மாதிரி கிடந்தது. அக்கா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

காரணம் இதுதான். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வண்டுக்கு அது விருந்து. வெட்டிய சில நாளிலேயே நீலம் பாய்ந்து பூஞ்சையும் பிடிக்கும். அதனால் மரம் விழுந்த சூட்டோடு அறுத்து, போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள். கடையில் நீங்கள் பார்த்த கட்டில் அப்படி வந்த மரம். ஒரு காலத்தில் பால் வற்றிய ரப்பர் மரம் விறகுக்குத்தான் போனது, இந்த மருந்து வேலைதான் அதைக் கட்டிலாக்கியது. நீங்கள் மரத்தை மொத்தமாக விற்றுவிட்டு, பதப்படுத்தின பலகையாக வாங்கி ஆசாரியிடம் கொடுங்கள். அது உங்கள் தோட்டத்து மரமாக இருக்காது, அந்த வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் மரம் சாயத்தை நன்றாகக் குடிக்கும், அதனால் எல்லாரும் அதற்குத் தேக்கு வேஷம் போடுகிறார்கள். இளமஞ்சளாக அப்படியே விட்டு, பளபளப்பு இல்லாத மேட் பாலிஷ் போட்டுப் பாருங்கள். சின்ன அறை பெரிதாகத் தெரியும். வராந்தாவிலும் மொட்டைமாடியிலும் மட்டும் வைக்காதீர்கள், மழை பட்டால் தாங்காது.

கேள்வி: சமையலறைத் தொட்டிக்கு அடியில் எம்.டி.எஃப். பலகை போடலாமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கூடாது. எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, தண்ணீரில் போட்ட பிஸ்கட் மாதிரி ஊதும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போடுங்கள், அறுத்த ஓரங்களையும் மூடச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறுவது ஓரம் வழியாகத்தான்.

கேள்வி: ஆவணியில் பால்காய்ச்சு வைத்திருக்கிறோம். ஆடி முழுக்க மழை பெய்கிறது. கதவுக்கும் மேசைக்கும் பாலிஷ் போட்டுவிடலாம் என்கிறார் வேலைக்காரர். நம்பலாமா?
— ஒரு வாசகர், திருவட்டாறு

பதில்: நானும் அப்படிச் சொன்னவன்தான். இருபது வருடத்துக்கு முன், இதே மாதிரி அவசரத்தில், எட்டுப் பேர் உட்காரும் மேசைக்கு அடைமழை நாளில் லேக்கர் அடித்தேன். அடிக்கும்போது நன்றாக இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மேசை முழுக்கப் பால் படர்ந்த மாதிரி வெள்ளை. லேக்கரிலுள்ள தின்னர் பறக்கும்போது மரத்தின் மேல்பக்கம் குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாக இறங்கிப் பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. மேசை மேல் ஜமுக்காளம் விரித்துப் பால்காய்ச்சை நடத்தினார். தை பிறந்த பிறகு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, கூலி வாங்காமல் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

நமக்கு ஜூனிலிருந்து தென்மேற்கு, அக்டோபரிலிருந்து வடகிழக்கு, இரண்டு மழையும் உண்டு. தை, மாசி, பங்குனிதான் பாலிஷ் மாதம். நாளை மாற்ற முடியாது என்றால், இப்போது உப்புத்தாள் ஓட்டி, தூசி துடைத்து, அடிப்பூச்சான சீலர் ஒரு கோட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். அதையும் மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில், பத்து மணிக்கு மேல் அடிக்கட்டும். மேல் பாலிஷ் தையில் போடலாம். வருகிறவர்கள் கதவைத் தடவிப் பார்க்கப் போவதில்லை, பாயசத்தைத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: ஹால் மேசைக்குப் பிளாஸ்டிக் பூச்செண்டு வாங்கலாமா, துணிப் பூவா?
— ஒரு வாசகி, தோவாளை

பதில்: தோவாளையில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? காலையில் பூச்சந்தைக்குப் போய்க் கைநிறைய அரளியோ கேந்தியோ வாங்குங்கள். பரணில் கிடக்கும் வெண்கல உருளியை இறக்கி, தண்ணீர் விட்டு மிதக்க விடுங்கள். கொசு வராமல் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் வேலை.