வைரஸ் ஆராய்ச்சி படிக்கப்போகும் மகளும் தந்தையின் கவலையும்

ஐயா, பெருந்தொற்று ஓய்ந்துவிட்டதே, இனி இந்தப் படிப்புக்கு மதிப்பிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் முழுதும் வைரஸோடு புழங்கும் வேலை மகளுக்கு ஆபத்தாகிவிடுமோ என்றும் பயப்படுகிறீர்கள்.

பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இத்துறையில் பெரும்பகுதி வேலை ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும் வீரியம் குறைந்த வைரஸ்களிலும் நடக்கிறது. கொடிய கிருமிகளைக் கையாளத் தனிப் பாதுகாப்பு ஆய்வகங்கள் உண்டு. பயிற்சி பெறாத மாணவரை அங்கே நுழைய விடமாட்டார்கள்.

மதிப்பைப் பற்றிய கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். வைரஸ் தாக்கும்போது செல் சுரக்கும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தது 1957-இல். ஆக, இது நேற்று முளைத்த துறை இல்லை. உங்கள் மகள் படிக்க ஆசைப்படுவது, வைரஸ் நுழைந்ததும் செல் தன் புரதங்களில் எதை முடுக்குகிறது, எதை அடக்குகிறது என்பதை. ஃப்ளூ வைரஸையே பாருங்கள். அதன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை நம் செல்லில் உள்ள ரிக்-ஐ (RIG-I) என்ற புரதம் அடையாளம் காண்கிறது. கண்டால் மட்டும் போதாது. யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் சங்கிலியாக வந்து சேர்ந்தால்தான் ரிக்-ஐ முழு வீச்சில் இயங்கும், இன்டர்ஃபெரான் உற்பத்தி தொடங்கும். அந்தச் சங்கிலியைப் பூட்டுவதில் டிரிம்25, ரிப்லெட் ஆகிய இரண்டு புரதங்களில் எதற்குப் பங்கு அதிகம் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். புதிதாக வரும் மாணவிக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

அதே யுபிக்விட்டின் வேறு விதமாகப் பிணைந்தால், புரதம் சிதைக்கப்படும். எச்.ஐ.வி. இதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது: தன் விஃப் புரதத்தைக் கொண்டு, நம் செல்லைக் காக்கும் அபோபெக்3ஜி என்ற புரதத்தைச் செல்லின் கையாலேயே அழிக்க வைக்கிறது. மறுபுறம், இன்டர்ஃபெரான் அடங்காமல் போனால் லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களில் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்கள்) கொண்டுபோய் விடும். முடுக்கவும் அடக்கவும் மருந்து தேவைப்படுவதால், இந்த அறிவுக்குப் புற்றுநோய், மூட்டுவாத மருந்து ஆய்வுகளிலும் இடமிருக்கிறது. வைரஸ் செய்திகளில் அடிபடுகிறதா இல்லையா என்பதை வைத்து இதை எடைபோடாதீர்கள்.

பட்டத்தின் பெயரில் ‘நோயெதிர்ப்பியல்’ இருந்தே ஆக வேண்டும் என்று அலைய வேண்டாம். இளநிலையில் உயிர்வேதியியலும் செல் உயிரியலும் புள்ளியியலும் அழுத்தமாக இருந்தால் போதும். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது.

எனக்கு உண்மையில் கவலை தருவது பொறுமைதான். ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் என்ற சாதாரணச் சோதனையே பெரும்பாலும் இரண்டு நாள் பிடிக்கும். ஜெல்லில் புரதங்களைப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, எதிர்ப்பொருளில் ஊறவைத்து, கடைசியில் பார்த்தால் அந்தப் புரதத்தைக் காட்ட வேண்டிய பட்டை தெரியாது. மறுபடி முதலிலிருந்து. ஒரு விடுமுறை முழுவதும் ஏதேனும் ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்கட்டும். அதன் பிறகும் ஆர்வம் குறையவில்லையென்றால் தாராளமாக அனுப்புங்கள்.

முனைவர் பட்டத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும். நல்ல வருமானமும் தாமதமாகத்தான் வரும். கடன் வாங்கிப் படிக்க வைப்பதானால், முதுநிலையோடு நிறுத்தி நோயறிதல் கருவிகள், தடுப்பூசித் தரக்கட்டுப்பாடு போன்ற வேலைகளுக்குப் போகும் வழியையும் இப்போதே பேசி வையுங்கள். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று மகளே நேரில் கேட்கட்டும்.