காந்தத்தால் விண்கலம் ஓட்ட முடியுமா? – கேள்வி பதில்

கேள்வி: சார், பூமியே ஒரு பெரிய காந்தம்தானே? ஒத்த துருவங்கள் விலக்கும் என்று பள்ளியில் படித்தோம். ராக்கெட்டுக்கு அடியில் பெரிய காந்தத்தைக் கட்டினால் மேலே தள்ளாதா?

பதில்: அதிகம் பேர் கேட்டது இதைத்தான். திசைகாட்டி முள்ளைக் கவனியுங்கள். வடக்கே திரும்புகிறது, சரி. வடக்கே நகர்ந்து போகிறதா? தக்கையில் வைத்துத் தண்ணீரில் மிதக்க விட்டாலும் திரும்பிவிட்டு அங்கேயே நிற்கும். ஒரு முனையை பூமியின் காந்தப்புலம் எவ்வளவு இழுக்கிறதோ, மறு முனையை ஏறக்குறைய அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. மிச்சம் ஏதாவது கிடைக்க வேண்டுமென்றால், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே புலத்தின் வலிமை மாற வேண்டும். பூமியின் புலமோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போனால்தான் கணிசமாகக் குறையும்.

நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலநடுக்கோட்டருகே ஏழரை கிலோ நியோடிமியம் காந்தத்துக்குக் கிடைக்கும் நிகர விசை, சுமார் ஒன்றரை மைக்ரோகிராமின் எடைதான். தூக்க வேண்டியது ஏழரை கிலோ! போதாக்குறைக்கு, விலக்கும் பக்கமாகப் பிடித்து வைத்தாலும் கையை எடுத்ததும் புரண்டு, இழுக்கும் பக்கத்தைக் காட்டிவிடும்.

கேள்வி: அப்படியானால் செயற்கைக்கோளில் காந்தத்துக்கு வேலையே இல்லையா?

பதில்: இருக்கிறது. நகர்த்த முடியாவிட்டாலும் திருப்ப முடியும் அல்லவா? மின்சுருளில் மின்னோட்டம் செலுத்தி, பூமியின் புலத்தைப் பிடித்துக்கொண்டு கலத்தைத் திருப்புகிறார்கள். ஹப்பிள் தொலைநோக்கியைத் திருப்பும் சக்கரங்களில் வேகம் அளவுக்கு மீறிச் சேரும்போது அதை இறக்குவதும் இப்படிப்பட்ட சுருள்கள்தான்.

கேள்வி: அண்ணா, இரும்புக் கலத்துக்கு முன்னால் ஒரு கம்பியில் காந்தத்தைத் தொங்கவிட்டால் அது கலத்தை இழுத்துக்கொண்டே போகாதா?

பதில்: போகாது தம்பி. காந்தம் கலத்தை முன்னே இழுக்கும்போது கலமும் காந்தத்தைப் பின்னே இழுக்கும். நடுவிலுள்ள கம்பி இரண்டையும் தாங்கிக்கொண்டு நிற்கும். உட்கார்ந்திருக்கும் பாயை நாமே தூக்கப் பார்ப்பது மாதிரிதான்.

கேள்வி: விண்கலங்களைத் தள்ளும் ‘ஹால் உந்து எந்திரம்’ என்ற மின் எந்திரத்தில் காந்தச் சுருள் இருக்கிறதே, அது காந்தத்தால் ஓடவில்லையா?

பதில்: பாதி சரி. ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1 விண்கலம் அந்த எந்திரத்தோடுதான் 2003-இல் கிளம்பி நிலவுக்குப் போனது. நாசாவின் சைக்கி விண்கலமும் 2023-இல் அப்படியே கிளம்பியது. ஆனால் அந்த எந்திரத்தில் செனான் வாயுவின் அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) வேகப்படுத்தி வெளியே வீசுவது மின்புலம். காந்தப்புலம் எலக்ட்ரான்களைச் சுழலவிட்டுச் சிறைபிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். மின்னூட்டம் பெற்ற துகளின் மேல் காந்த விசை எப்போதும் அது போகும் திசைக்குக் குறுக்காகவே விழும். பாதையை வளைக்கும், வேகத்தைக் கூட்டாது. இதைப் பிடித்துக்கொண்டால் இணையத்தில் சுற்றும் ‘காந்த எந்திர’ வீடியோக்களில் முக்கால்வாசியை நீங்களே தள்ளிவிடலாம்.

கேள்வி: எரிபொருளே இல்லாமல் போக ஒரு வழியும் கிடையாதா?

பதில்: பூமிக்குப் பக்கத்தில் உண்டு. நீளமான கம்பியைத் தொங்கவிட்டு, சூரியத் தகட்டிலிருந்து மின்னோட்டம் அனுப்ப வேண்டும். சுற்றியுள்ள பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த வாயு) வழியாக மின்சுற்று முழுமையாகும். மின்னோட்டம் ஓடும் கம்பியை பூமியின் காந்தப்புலம் தள்ளும். 5 கிலோமீட்டர் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.15 நியூட்டன் விசை. பூமியைத் தள்ளித்தான் கலம் நகர்கிறது, ஆகவே நியூட்டனுக்கும் சம்மதம். கலத்தின் ஓட்டத்தையே மின்சாரமாக எடுத்தால் வேகம் குறைந்து சுற்றுப்பாதை தாழும். 1996-இல் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் கம்பியை விட்டபோது சுமார் 3,500 வோல்ட் எழுந்தது. அப்புறம் மின்பொறி பாய்ந்து கம்பி அறுந்துபோனது. ஆனாலும் கொள்கை நிரூபணமாகிவிட்டது.

கேள்வி: காற்றில்லாத இடத்தில் காந்தம் வேலை செய்யுமா? பூமிக்குள் இருப்பது பெரிய இரும்புக் காந்தமா?

பதில்: முதலாவதற்கு: செய்யும், காற்று தேவையில்லை. இரண்டாவதற்கு: இல்லை. சாதாரண அழுத்தத்தில் இரும்பு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே காந்தத்தன்மையை இழந்துவிடும். உள்ளேயோ பல ஆயிரம் டிகிரி. உருகிய இரும்பின் ஓட்டத்தில் பிறக்கும் மின்னோட்டம்தான் அந்தப் புலத்தைத் தருகிறது.

கேள்வி: நிலவிலிருந்து காந்தத்தால் ஏவலாமா?

பதில்: ஏவலாம். மின்காந்தத் தண்டவாளம் அமைக்க வேண்டும், பின்னுதைப்பை நிலவே வாங்கிக்கொள்ளும். 1970-களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ’நீல் இதை முன்வைத்தார். நிலவின் ஈர்ப்பிலிருந்து தப்ப வேண்டிய வேகம் நொடிக்கு சுமார் 2.4 கிலோமீட்டர். மண்ணையும் பாறையையும் புவியீர்ப்பைப் போல 100 மடங்கு முடுக்கத்தில் வீசினால் 3 கிலோமீட்டர் தண்டவாளம் போதும். ஆட்களை 3 மடங்கோடு பதமாக அனுப்ப வேண்டுமென்றால், கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர்.