படகுத் தளத்தின் திறப்பை மூடும் ஹேட்ச் மூடிக்கு எந்தப் பூட்டு நல்லது, தண்ணீர் இறங்காமல் எப்படிப் பொருத்துவது?

மூடிக்குக் கீழே ஆள் தங்கும் இடமா, வெறும் சாமான் அறையா? அதைப் பொறுத்துத்தான் பூட்டு. ஆள் தங்குமிடம் என்றால் வெளியே தொங்கு பூட்டு போடவே கூடாது. தீப்பிடித்தால் உள்ளிருப்பவர் சாவியில்லாமல் திறந்து வெளியேற முடிய வேண்டும். உள்பக்கமும் கைப்பிடி உள்ள தாழ்தான் அங்கே சரி.

சாமான் அறைக்கு இரண்டு வழி. கொண்டியும் தொங்கு பூட்டும் மலிவு, உறுதி. ஆனால் தளத்தில் துருத்திக்கொண்டு காலையும் கயிற்றையும் பதம் பார்க்கும், விளிம்பில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட்டையும் அழுத்தாது. மூடியோடு சமமாகப் பதிந்து, பிடியைத் திருப்பினால் மூடியைக் கீழே இழுக்கும் சாவித் தாழ் இன்னொன்று. மிதித்து நடக்கும் மூடிக்கு நான் இதைத்தான் சொல்வேன். அரை மீட்டருக்கு மேல் நீளமான மூடிக்கு இரண்டு தாழ் வையுங்கள். ஒன்றையே இறுக்கினால் அந்த இடம் அழுந்தி, மூலைகள் தூக்கிக்கொள்ளும். தண்ணீர் அங்கேதான் நுழையும்.

உப்புத் தண்ணீருக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். 304 சீக்கிரம் பழுப்புக் கறை கட்டும். தொங்கு பூட்டு என்றால் பித்தளை உடல், ஸ்டெயின்லெஸ் வளையம், அடியில் நீர் வடியும் துளை.

பூட்டு உடைவதைவிட, திருகாணி பிடுங்கிக்கொண்டு வருவதுதான் அதிகம். ஆகவே திருகாணி வேண்டாம்; M6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டை ஊடுருவப் போட்டு, அடியில் 3 மி.மீ. தகடும் நைலான் வளைய நட்டும் கொடுங்கள். கொண்டியை மடக்கியதும் போல்ட் தலைகள் அதன் கீழே மறைய வேண்டும்.

தளத்தின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே பால்சா என்னும் இலேசான மரமோ நுரையோ இருந்தால் அவசரம் கூடாது. துளை வழியே ஈரம் இறங்கினால் பால்சா மெல்ல மெல்ல மக்கிவிடும். முதலில் 12 மி.மீ. பிட்டால் மேல்தோலையும் நடுப்பகுதியையும் மட்டும் துளையுங்கள், கீழ்த்தோலைத் தொடாமல். கெட்டியாகக் குழைத்த எப்பாக்சிப் பிசினை நிரப்பி ஒரு நாள் விட்டு, அதன் நடுவில் 6.5 மி.மீ. துளை போடுங்கள். துளையின் மேல்விளிம்பைச் சற்றே சரித்துவிட்டால் சீலண்ட் (கசிவை அடைக்கும் பொருள்) அங்கே வளையம்போல் தங்கும். தாழுக்காக வெட்டும் பெரிய துளையின் விளிம்பிலும் நடுப்பகுதியைச் சுரண்டி இதேபோல் எப்பாக்சி அடைக்க வேண்டும்.

சீலண்டுக்குப் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) போதும். ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். போல்ட் தலையை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்புங்கள். தலை சுழன்றால் டேப் அறுந்து கசியும். ஸ்டெயின்லெஸ் நட்டை மின்திருப்பியால் வேகமாகச் சுற்றினால் மரை சூடேறி ஒட்டிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

தாழ் வாங்குமுன் மூடியின் மேற்பரப்பிலிருந்து, தாழின் நாக்கு மாட்டும் சட்டத்தின் அடிப்பக்கம் வரை, ரப்பர் அழுந்திய நிலையில் அளந்துகொள்ளுங்கள். பொருத்தியபின் காகிதக் கீற்றை விளிம்பில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்: சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கமாக வர வேண்டும். எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் நாக்கின் உயரத்தைத் திருத்துங்கள்.

சாவித்துளைக்குக் கிராஃபைட் தூள் போடாதீர்கள், உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தி, டெஃப்லான் ஸ்பிரே அடித்தால் போதும்.