ஸ்டூடியோ பதில்கள்: அருவி தாங்கும், மூடுபனி தாங்காது

கேள்வி: சீசனுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். கொல்லத்திலிருந்து கேட்டவர்களுக்கு வீடு, தோப்பு, அருவி என்று பத்துப் படங்களை மெயிலில் அனுப்பினால் திரும்பி வந்துவிடுகிறது. சுருக்கி அனுப்பினால் வானம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. என்ன செய்வது?
– வாசகி, புளியரை

பதில்: 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் என்றால் 4000க்கு 3000 பிக்சல் இருக்கும், ஒவ்வொன்றும் மூன்று, நாலு எம்பி. பத்தும் சேர்ந்தால் முப்பதைத் தாண்டிவிடும். ஜிமெயிலுக்கே 25 எம்பிதான் எல்லை. அலுவலக மெயில்கள் சில 10 எம்பிக்கே கதவைச் சாத்திவிடும். அதிலும், மெயிலில் போகும் படம் எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதிப்போகும். அந்த 10 எம்பியில் உங்களுக்குக் கிடைப்பது ஏழுதான்.

வானத்தில் கட்டம் தெரிவதைப் பார்த்தால், பிக்சலைத் தொடாமல் குவாலிட்டியை மட்டும் இறக்கியிருக்கிறீர்கள். போன் படங்களைச் சேமிக்கும் ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. குவாலிட்டியை ரொம்ப இறக்கினால் அந்தக் கட்டங்களின் ஓரம் வெளியே தெரியும். பாறை, இலை உள்ள இடத்தில் கண்ணுக்குப் படாது. மூடுபனியில் அப்பட்டமாகத் தெரியும். சாரல் மாதத்தில் நம் பக்கம் எடுக்கிற படத்தில் பாதி மூடுபனிதானே!

ஆகவே முதலில் பிக்சலைக் குறையுங்கள். நீளப் பக்கம் 1600 போதும். அப்புறம் குவாலிட்டியை 80இல் வைத்துச் சேமியுங்கள். ஒன்றிரண்டு படம் என்றால் விண்டோஸ் பெயிண்டிலேயே ரீசைஸ் செய்யலாம். அகல உயர விகிதம் மாறாமல் இருக்கும் டிக்கை எடுத்துவிடாதீர்கள். பத்துப் படத்துக்கு இர்ஃபான்வியூ என்ற மென்பொருள் நல்லது, மொத்தமாக மாற்றித் தரும். சின்னப் படங்களை வேறு ஃபோல்டரில் போடுங்கள். ஒரிஜினல் மேலேயே சேமித்துவிட்டால் போன பிக்சல் போனதுதான்.

அருவிப் படம் மட்டும் அதே அளவிலும் கனமாகவே இருக்கும். வெறும் சுவரைச் சுருக்குவது சுலபம். ஐந்தருவியின் நுரையில் ஒவ்வொரு புள்ளியும் வேறு வேறு, சுருக்க எதுவும் சிக்காது. அதற்கு மட்டும் குவாலிட்டியை 70க்கு இறக்குங்கள். எந்தக் குறையும் நுரையில் ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: நர்சரி வெப் பக்கத்தில் படங்களை 400 பிக்சல் அகலத்தில்தான் காட்டுகிறோம், 72 டிபிஐயும் ஆக்கிவிட்டோம். ஆனாலும் பக்கம் மெதுவாகத் திறக்கிறதே?
– வாசகர், தென்மலை

பதில்: 400 என்று பக்கத்தில் குறித்தால் காட்டும் அளவுதான் மாறும். உள்ளே இருப்பது நாலு எம்பி படம் என்றால் நாலு எம்பியும் இறங்கியே தீரும். படத்தையே 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து ஏற்றுங்கள்; இப்போதைய போன் திரைகளுக்கு இரண்டு மடங்கு இருந்தால்தான் துல்லியமாக இருக்கும். டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அச்சுக்கான கணக்கு, திரைக்கு அது பொருட்டே இல்லை.

கேள்வி: கேரள பிஎஸ்சிக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் ஒரே போட்டோவைப் போடலாமா?
– வாசகி, ஆரியங்காவு

பதில்: 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் எங்கள் செங்கோட்டை. இன்றும் கணவாய் தாண்டி இதே கேள்வியோடு கடைக்கு வருகிறார்கள். முகம் ஒன்றுதான், ஃபைல் இரண்டாக இருக்கட்டும். கேரளத்துக்கு 150க்கு 200 பிக்சல், 30 கேபிக்குள். டிஎன்பிஎஸ்சிக்கு 20 முதல் 50 கேபி வரை. 150க்கு 200 ஆக்கிய படம் பல சமயம் 20 கேபிக்குக் கீழே போய்விடும். அதை டிஎன்பிஎஸ்சி ஏற்காது. இரண்டையும் ஒரிஜினலிலிருந்து தனித்தனியாகச் செய்யுங்கள். கேரளப் படத்தை முதலில் 3க்கு 4 விகிதத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முகம் இழுபடும். போட்டோவின் கீழே போட வேண்டிய பெயரையும் தேதியையும் சுருக்கிய பிறகு அடியுங்கள். பெரிய படத்தில் அடித்துவிட்டுச் சுருக்கினால் எழுத்து கோடாகிவிடும்.